முன்னே போகும் நாற்காலி

மணிலாவின் கடலோரக் குடிசைகளுக்குச் சனிக்கிழமைதோறும் ஹெப்சிபா சபையின் அரிசிப் பைகளோடு போவாள். அவள் போகும் ஐந்து வீட்டிலும் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள். உட்கார்ந்து, "உங்களுக்காக என்ன ஜெபிக்கணும்?" என்று கேட்பாள். "ஒண்ணுமில்ல சிஸ்டர், நல்லா இருக்கோம்" என்பார்கள். எல்லா நாற்காலியின் காலிலும் அதே நீலக் கயிற்றுக்கட்டு இருப்பதை ஏழாம் மாதம்தான் கவனித்தாள். அவள் வாசலில் விடைபெறும்போதே நாற்காலி பின்வழியாக அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறது. அன்று கடைசி வீட்டில் அவள் தரையில் உட்கார்ந்தாள். "மேல உட்காருங்க சிஸ்டர்" என்று வீட்டுக்காரி மரிசெல் பதறினாள். "இன்னிக்கு நீங்க உட்காருங்க." மரிசெல் தயங்கி நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தாள். "உங்களுக்காக என்ன ஜெபிக்கணும் சிஸ்டர்?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன்" என்றாள் ஹெப்சிபா. மரிசெல் நாற்காலியை ஹெப்சிபாவின் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.