தெற்கு வாசலில் நின்றவர்

சீனாவின் பழைய நகரமான பிங்யாவின் கோட்டைச் சுவரைச் சுற்றிக் காட்டி முடித்ததும், வழிகாட்டி டாங் லீ கொடியைச் சுருட்டிக்கொண்டு பேருந்தில் ஏறித் தலைகளை எண்ணினாள். இருபத்திரண்டு பேரும் இருந்தார்கள். அடுத்தது பச்சைக்கல் நகைக் கடை. வண்டி கிளம்பியது.

"நிறுத்தும்மா!" என்று கத்தினார் ஃபெங் யிங். ஓய்வுபெற்ற பேருந்து நடத்துனர் அவர். "என் பக்கத்துல உட்கார்ந்து வந்த பெரியவர் இன்னும் ஏறல."

"எல்லாரும் இருக்காங்க அத்தை. பட்டியல்ல இருபத்திரண்டு பேர்தான்."

"காலையிலேருந்து எனக்குச் சூரியகாந்தி விதை கொடுத்துட்டே வந்தாரு. உன் பட்டியலா கொடுத்துச்சு?"

மற்றவர்களுக்கும் அவரை நினைவிருந்தது. "கடைக்காரன் தர்ற கமிஷனுக்காக வயசானவரை விட்டுட்டுப் போறியா?" என்று பேருந்தே கொதித்தது. ஓட்டுநர் வண்டியைத் திருப்பினார்.

பெரியவர் தெற்கு வாசலில் நின்றிருந்தார். குழுவில் எல்லோருக்கும் கொடுத்த மஞ்சள் தொப்பிதான் அவர் தலையிலும். ஆனால் அது வெயிலில் வெளுத்து வெள்ளையாகியிருந்தது. அவர் டாங் லீயை நோக்கி விரலை ஆட்டினார்.

"ஒன்பது வருஷமா இங்கேயே நிக்கிறேன் பொண்ணே. இன்னிக்குத்தான் திரும்பி வரத் தோணுச்சா?"

டாங் லீ மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். அவள் இந்த வேலையில் சேர்ந்து ஒன்பது வருடங்கள் ஆகியிருந்தன.

ஃபெங் யிங் பேருந்தை விட்டு இறங்கியே வந்துவிட்டார். "ஒன்பது வருஷம் ஒரு மனுஷனை வெயில்ல நிக்க வெச்சிருக்கியே, வெட்கமா இல்ல? முதல்ல மன்னிப்புக் கேளு!"

அவள் கேட்டாள். பிறகு அவர் படியேறக் கை கொடுத்தாள். அந்தக் கை, பகலெல்லாம் காய்ந்த செங்கல் சுவரைப் போலச் சூடாகவும் சொரசொரப்பாகவும் இருந்தது.