சிவப்பு தெரியக் கூடாது

நான்கு பெட்டிகள் சிவப்பாக இருந்தன.

அவள் இன்னொரு முறை பார்த்தாள். நான்கேதான்.

சிமெண்ட் ஆலையின் ஒவ்வொரு கருவிக்கும் கட்டுப்பாட்டு அறையின் புதிய பெருந்திரையில் ஒரு பெட்டி. நலம் என்றால் பச்சை, பழுது என்றால் சிவப்பு. இவ்வளவுதான் ஏற்பாடு. இதைத் திறந்துவைக்கத்தான் சேர்மன் வருகிறார், பந்தல், நாதஸ்வரம், எல்லாம்.

சேர்மனுக்குச் சிவப்பு ஆகாது. ஜோதிடர் சொல்லியிருக்கிறார். காலையில் வந்த ரோஜா மாலைகள் வாசலோடு திரும்பிப் போய், சம்பங்கியாக மறுபடி வந்தன.

ஜி.எம். சக்ரபாணி அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"நாலுமே ஓடாத பெல்ட்டோட கருவிங்க சார். உதிரிபாகம் வந்தாத்தான்..."

"பழுது இருக்கட்டும்மா. சிவப்பு இருக்கக் கூடாது. ஒண்ணு தெரிஞ்சாலும் சரி, வெள்ளிக்கிழமை உங்க நிச்சயதார்த்தத்தை வீடியோ கால்ல பாத்துக்கோங்க."

மூன்று முறை கேட்டாகிவிட்டது. லீவு இன்னும் அவர் வாய்க்குள்ளேயே இருந்தது.

அவள் திரையின் அமைப்புக்குள் போனாள். 'பழுது' என்பதற்கு எதிரே நிறத்துக்கு ஒரு கட்டம். சிவப்பை எடுத்தாள். பச்சையை வைத்தாள்.

ஆலை ஒரே நொடியில் குணமாகிவிட்டது.

"பாத்தீங்களா? மனசு வெச்சா முடியுது!"

அவள் மேசையில் ஒரு சின்னத் திரையும் உண்டு. அதில் நான்கும் சிவப்பாகவே இருந்தன. அதை யாரும் திறந்துவைக்கப் போவதில்லை. ஜி.எம். அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடச் சொன்னார்.

சேர்மன் வந்தார். பொத்தானை அழுத்தினார். சுவர் முழுக்கப் பச்சை. நெல் வயலைப் பார்ப்பதுபோல் இருக்கிறது என்றார். கைதட்டினார்கள்.

குருக்கள் திரைக்குக் கற்பூரம் காட்டினார். பெரிய மனிதர் வந்திருக்கிறாரே என்று சாம்பிராணியையும் தாராளமாகப் போட்டார்.

சங்கு அலறியது.

கூரையில் இருந்த புகைக் கருவி. அதற்கு ஜோதிடம் தெரியாது.

இருமாதவர் இல்லை. ஜி.எம். கண்ணைத் துடைத்துக்கொண்டு பெருந்திரையைப் பார்த்தார். புகைக் கருவியின் பெட்டி பச்சையாக, சமர்த்தாக இருந்தது. அவர் முகம் தெளிந்தது.

"ஒண்ணுமில்ல சார். எல்லாம் நார்மல்."

சொல்லிவிட்டு மறுபடி இருமினார்.

சேர்மன் அவள் பக்கம் திரும்பினார். "பின்ன என்னம்மா சத்தம்?"

சேர்மனின் தோளுக்குப் பின்னால் ஜி.எம்.மின் கண்கள் கும்பிட்டன.

"வரவேற்புச் சங்கு சார். வெள்ளிக்கிழமைதான் சோதிக்கிற நாள், அன்னிக்கு நான் லீவு. அதான் இன்னிக்கே அடிச்சுக் காட்டச் சொன்னார் ஜி.எம்."

"ஆமா சார். லீவு... குடுத்தாச்சு."

சேர்மனுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. இன்னொரு தரம் அடிக்கச் சொல்லிக் கேட்டார்.

போகும்போது, திரை எப்போதும் இப்படியே இருக்கட்டும், ஒரு பெட்டிகூட நிறம் மாறக் கூடாது என்றார். ஜி.எம். அதையே உத்தரவாக்கினார். துணியை எடுக்கச் சொல்லி மட்டும் உத்தரவு எதுவும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை.

தட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் அரக்குச் சிவப்புப் பட்டில் இருந்தாள். மடியில் போன் நடுங்கியது.

ஜி.எம். அனுப்பிய படம். பெருந்திரை. மூலைக்கு மூலை பச்சை.

கீழே ஒரு வரி: 'மில் நின்னுடுச்சும்மா. இதுல எது சிவப்பு?'

அவள் வீடியோ காலை அழுத்தினாள். வியர்த்த முகம் ஒன்று திரையில் வந்தது. அவள் போனை மெல்லப் பக்கத்து நாற்காலிப் பக்கம் திருப்பினாள்.

"முதல்ல மாப்பிள்ளைக்கு வணக்கம் சொல்லுங்க சார். அப்புறம் அந்தத் துணியை எடுங்க."