பேட்டரி மாற்றிய அப்பா

லீவுக்கு வந்த மகள் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்பா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“என்னப்பா, அதிசயமா இருக்கு?”

“உபகாரம் பண்ணப் போய் உபத்திரவமா முடிஞ்சுதும்மா. உங்கம்மா ரிப்பேர் வேலைக்கு வெச்சிருக்காளே, கரண்ட் அலையைத் திரையில காட்டுற அந்தப் பழைய ஆசிலாஸ்கோப், அதுல பேட்டரி வீக்கா இருக்கேன்னு கழட்டிட்டுப் புதுசு மாட்டினேன். கழட்டினதுமே உள்ள இருந்த அளவு நம்பரெல்லாம் அழிஞ்சு போச்சு. ஒவ்வொண்ணா அளந்து திரும்ப ஏத்தணுமாம். ஒரு வாரமா ரூமை விட்டு வெளிய வரல. சமையலையாவது நான் பாக்க வேண்டாமா?”

மகளுக்கு இருவரையும் நினைக்கப் பாவமாக இருந்தது. டீ எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள்.

அம்மா காலை நீட்டி உட்கார்ந்து வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். ஆசிலாஸ்கோப் திரையில் பச்சை அலை கட்டம் பிசகாமல் நின்றது.

“சரியாயிடுச்சாம்மா?”

“அன்னிக்கே ஆச்சு. அந்த நம்பரையெல்லாம் எப்பவோ கம்ப்யூட்டர்ல காப்பி எடுத்து வெச்சிருந்தேன். திரும்ப ஏத்த அஞ்சு நிமிஷம்தான்.”

“அப்பாகிட்ட சொல்லலையா?”

வெளியே காலடிச் சத்தம் கேட்டது. அம்மா பத்திரிகையை மேஜைக்கடியில் தள்ளிவிட்டு ஒரு குமிழைத் திருகினாள். அலை தள்ளாட ஆரம்பித்தது.

அப்பா கரண்டியோடு எட்டிப் பார்த்தார். “இன்னும் நிக்கலையா?”

“கிட்ட வந்துட்டேங்க.” அவர் நீட்டிய கரண்டியிலிருந்து ருசி பார்த்தாள். “நேத்தைக்கு இன்னிக்குத் தேவலை. உப்புதான் ஒரு சிட்டிகை தூக்கல்.”

அப்பா தலையாட்டிக்கொண்டே போனார். அம்மா குமிழைப் பழையபடி திருப்பினாள்.

“இன்னும் ரெண்டு நாள்ல உங்கப்பாவுக்கு அளவு பிடிபட்டுடும். அப்புறம் சொல்லிக்கலாம்.”