தெருவைப் பார்த்த செருப்பு

சஞ்சித்தைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றும்போதே எனக்கு அது சரியாகப் படவில்லை.

வடக்கேயிருந்து வந்து எங்கள் தெருவில் கொத்து வேலை செய்கிறவன். காலையில் தெருவே தேர் பார்க்கப் போயிருந்தபோது, எவனோ சிவபாலன் வீட்டுப் பூட்டை உடைத்துத் தறியண்டை வைத்திருந்த ஜரிகையை அள்ளிக்கொண்டு போய்விட்டான். தேருக்குப் போகாதவன் சஞ்சித் ஒருத்தன்தான். கேமராவில் தெரிகிறவனோடு உயரமும் ஒத்துப்போகிறதாம். போதாதா?

"கேமராவுல இருக்கிறது அவன்தான்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடறேம்மா" என்று, தெருக் காவல் குழுத் தொப்பியை மாட்டிக்கொண்டு என் வீட்டுக்காரரும் பின்னாலேயே கிளம்பினார். காலையிலிருந்து தேரடியில் கூட்டத்தை ஒதுக்கிவிட்டு வந்த மனுஷன், ஒரு வாய் சோறுகூடச் சாப்பிடவில்லை.

குழுவில் கேமரா என் பொறுப்பு. சும்மாவே ஜன்னலில் நிற்கிறவள், இப்போது கையில் கேமராவும் கொடுத்துவிட்டார்கள் என்று தெருவில் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும்.

போனில் அந்தப் பதிவை மறுபடியும் ஓடவிட்டேன்.

தலையில் ஹெல்மெட். சொட்டு மழையில்லை, உடம்பெல்லாம் மூடின ரெயின்கோட்டு. கேமரா இருப்பது தெரிந்த கள்ளன்.

பூட்டை உடைக்கிறான். கதவைத் தள்ளுகிறான். அப்புறம் நிற்கிறான்.

செருப்பைக் கழற்றுகிறான்.

கால் பெருவிரலாலேயே இரண்டையும் தெருவைப் பார்க்கத் திருப்பி வைக்கிறான். குனிந்து நிலைப்படியைத் தொட்டு ஹெல்மெட்டுக் கண்ணாடியில் ஒற்றிக்கொண்டு உள்ளே போகிறான்.

அந்த இடத்தில் நிறுத்தி, திரும்பவும் பார்த்தேன். திருட வந்த அவசரத்திலும் தறி இருக்கிற இடத்துக்குச் செருப்போடு போக மனசு வராதவன், தறியில் உட்கார்ந்தவனாகத்தான் இருக்க வேண்டும். சஞ்சித்துக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? போன வாரம் எங்கள் வீட்டில் ஒழுகலை அடைக்க வந்தபோது, செருப்புக் காலோடு தறிப் பக்கம் போய் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் அவன்.

அப்படியென்றால் நம்மில் ஒருத்தன். பயமாக இருந்தது. இதைச் சொன்னால் நாளைக்குத் தெருவில் ஒருத்தர் என் முகத்தைப் பார்ப்பார்களா? சொல்லாவிட்டால் அந்தப் பாவம் உள்ளே அடி வாங்குவான்.

பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. எஸ்.ஐ. சாருக்கு வாட்ஸ்அப்பில் தனியாக அனுப்பினேன்.

'சஞ்சித் இல்ல சார். அவன் செருப்பக் கழட்டறதப் பாருங்க. எங்க தெருத் தறிக்காரன்தான்.'

உடனே நீல டிக் விழுந்தது.

'யாருன்னு தெரியுமாம்மா?'

தெரியாது என்று அடிக்கத் தொடங்கியபோது வாசலில் வண்டி வந்து நின்றது. அவர்தான். தொப்பியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறினார்.

செருப்பைக் கழற்றினார். பெருவிரலால் இரண்டையும் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படித்தான். இப்பவே கிளம்பிப் போகிறவர் மாதிரி எதற்கு என்று நானும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

"இன்னும் போனையே பாத்துக்கினு இருக்கியா? சோத்தப் போடும்மா."

'சொல்லுங்கம்மா, யாரு?' என்று மறுபடியும் வந்தது.

அடித்ததை அழித்தேன். 'எங்க' என்று அடித்தேன்.

அடுத்த வார்த்தையைப் போனே எடுத்துக் கொடுத்தது: 'வீட்டுக்காரர்'.