டேர் இல்லை, டென்!

"'நாயைப் பார்க்கிறேன்', ஜெர்மன்ல சொல்லுங்க."

"இஹ் ஸேஹே டேர் ஹுண்ட்," என்றார் கணவர், வெங்காயம் நறுக்கியபடி.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "டேர் இல்லைங்க, டென்! 'நாய்'னா டேர், 'நாயை'ன்னா டென்! பார்த்தாலும் டென், வாங்கினாலும் டென்! விடிஞ்சா பரீட்சை. இந்தத் தடவையும் கோட்டை விட்டா ஜெர்மனி வேலை அவ்வளவுதான். மண்டையில என்ன களிமண்ணா?"

"இஹ் காவுஃபே டேர்..."

"டென்!" புத்தகம் பறந்தது.

மறுநாள் பரீட்சைக்கூட வாசலில், ஹால் டிக்கெட்டை அவளிடம் நீட்டினார்.

"எழுதவே முடியாதுங்க. எல்லாம் மறந்துபோச்சு," என்றாள், அதை வாங்காமலே.

"இஹ் ஸேஹே டேர் ஹுண்ட்."

"டென்!" என்று சீறினாள்.

"உள்ள போ, பாஸாயிடுவே. கேள்வி கேட்டா உனக்கு நாக்கு ஒட்டிக்கும். நான் தப்புப் பண்ணினா மட்டும் விடவே மாட்டே. அதான் ஒரு மாசமா 'டேர்'னு சொல்லித் திட்டு வாங்கினேன்."