உட்கார இடம்

ரயில் வந்து நின்றது. கணவர் இறங்கவில்லை.

அவள் நடைமேடையில் வீட்டுத் தரகரோடு காத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது பெட்டி, ஜன்னலோர இருக்கை. அவர் முகம் பளிச்சென்று தெரிந்தது. கண்கள் திறந்துதான் இருந்தன. எதிரே இருந்த ஊர்ப் பெயர்ப்பலகையை உதடு அசைய ஒருமுறை வாசித்தார். அப்புறம் மடியிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டு சாய்ந்து உட்கார்ந்தார்.

"என்னங்க! இறங்குங்க!"

அவள் கையை ஆட்டினாள். அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, எதிர்வீட்டுக்காரரைக் கடைத்தெருவில் கண்டால் சிரிப்பதுபோல் மரியாதையாகச் சிரித்தார்.

ரயில் நகர்ந்துவிட்டது.

தரகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சாருக்கு ஸ்டேஷன் பெயர் தெரியவில்லையோ என்றார்.

தெரியாமல் என்ன? அவள் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். அவர் போட்டிருக்கும் கண்ணாடியைப் போன மாதம் பொருத்திக் கொடுத்ததே அவள்தான். அந்தத் தூரத்திலிருந்து அவருக்கு எந்த எழுத்து தெரியும், எது தெரியாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதுவும் அச்சகத்தில் பிழை திருத்துகிற மனுஷர். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

ஆக, வேண்டுமென்றேதான் இறங்கவில்லை.

இது ஒரு மாதச் சண்டை. இருக்கிற வீட்டை மாதக் கடைசிக்குள் காலி பண்ணவேண்டும். நகரத்துக்குள் வேறு வீடு கட்டுப்படியாகாது. புறநகர்தான் என்று முடிவாகிவிட்டது, எந்த ஊர் என்பதில்தான் தகராறு.

அவளுக்கு இந்த ஊர். ஐந்தாவது நிலையம், கடைக்கு அரை மணி. இரண்டு அறை, வெளிச்சமான சமையலறை, படியிறங்கினால் மருந்துக்கடை. பீரோவை எந்தச் சுவரோரம் வைப்பது என்பதுவரை மனதில் குடிவந்துவிட்டாள்.

அவரோ கடைசி நிலையத்து ஊர்தான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார். பதினான்காவது நிலையம். அதைத் தாண்டித் தண்டவாளமே கிடையாது. போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்த வேலையை அவள் விட வேண்டியதாகிவிடும்.

ஏன் அந்த ஊர் என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"காலையில உக்கார இடம் கிடைக்கும்."

நீங்கள் ஒருத்தர் சொகுசாக உட்காருவதற்கு நான் ஊர்க்கோடிக்கு வரணுமா என்று அவள் பிடித்துக்கொள்வாள். அவர் மென்று விழுங்குவாரே தவிர வேறு காரணம் சொன்னதில்லை. நேற்றுதான் மனமிறங்கி, சரி, வேலை முடிந்து நேராக நீ சொன்ன ஊருக்கே வந்து வீட்டைப் பார்க்கிறேன் என்று ஒத்துக்கொண்டார்.

வந்த லட்சணம் இது.

தரகர் சாவியை விரலில் சுழற்றியபடி, இன்னும் இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், இன்றைக்கே பதில் வேண்டும் என்றார். அவள் கணவருக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. எங்கே போயிருப்பார் என்று அவளுக்குத் தெரியாதா? ஆசைப்பட்ட ஊருக்குத்தான். அடுத்த ரயிலில் ஏறினாள். இன்றைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை. ஒன்பது நிலையமும் அந்தக் கேள்விகளை அடுக்கிக்கொண்டே போனாள்.

கடைசி நிலையத்தில் வெயில் இன்னும் மிச்சமிருந்தது. அவர் ஒரு பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெட்டி கூட்டுகிற அம்மா, துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு ஒரு துண்டுச் சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

இவள் வேகமாக வருவதைப் பார்த்து அந்த அம்மா எழுந்து எதிரே வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வீட்டுக்காரம்மாவா நீங்க? நல்லவேளை வந்தீங்க. வாரத்துல ரெண்டு மூணு நாள் சார் இங்க வந்துடுவாரு. எங்க எறங்கணும்னு அவருக்கு ஞாபகம் வர மாட்டேங்குது. இங்கன்னா எல்லாரையும் எறக்கிட்டுத்தானே பெட்டியைக் கூட்டணும்? நான் எறக்கி உக்கார வெச்சு, சீட்டைப் பாத்துத் திருப்பி ஏத்தி, அங்க எறக்கிவிடுங்கன்னு யார்கிட்டயாவது சொல்லி விடுவேன்."

அச்சகத்தில் வேலை அதிகம் என்று சொல்லி அவர் தாமதமாக வந்த நாட்கள் ஒவ்வொன்றாக அவளுக்கு நினைவுக்கு வந்தன.

சீட்டை வாங்கிப் பார்த்தாள். அவர் கையெழுத்துதான், ஒரு பிழை இல்லை. இப்போதைய வீட்டுக்கு எந்த நிலையத்தில் இறங்கவேண்டும் என்று எழுதியிருந்தது. கீழே அவள் பெயர். அதற்குப் பக்கத்தில், 'மனைவி'. அவளுடைய போன் நம்பரை மட்டும் எழுதவில்லை.

அடுக்கி வைத்திருந்த கேள்விகளை அப்படியே விட்டுவிட்டாள். போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இப்போது அவருக்கு அவளைத் தெரிந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல விழித்தார்.

"அசந்து தூங்கிட்டேன்மா," என்றார்.

"ஆமா, பாத்தேன். நல்ல தூக்கம்."

தரகரிடமிருந்து போன் வந்தது. அந்த வீடு வேண்டாம், சாவியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "ஏன்? உன் கடை?"

அவள் சீட்டை நான்காக மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள்.

"இங்கயே பாத்துக்கலாம்," என்றாள். "காலையில ரெண்டு பேருக்கும் உக்கார இடம் கிடைக்கும்."