வலது கை வேண்டாம்

“ஆஞ்சியோகிராமுக்கு வலது மணிக்கட்டு வழியா குழாய் விடுவோம். அப்புறம் கொஞ்ச நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது” என்றார் டாக்டர் ஸ்ரீதேவி.

“வாணாம் டாக்டரம்மா, இடது கையில வுடுங்க” என்றார் மாமல்லபுரத்துச் சிற்பி ஞானதாஸ்.

“உளி பிடிக்கிற கைன்னு பயமா?”

“உளி கெடக்குது. வெளிய என் சம்சாரம் ஜாக்குலின் நின்னுகினு கீது. முடிஞ்சதும் பேசணும்.”

“பேச வாய் போதாதா?”

ஞானதாஸ் சிரித்தார். டாக்டர் இடது கையிலேயே செய்து முடித்தார்.

ஸ்ட்ரெச்சர் வெளியே வந்ததும் ஞானதாஸின் வலது கை உயர்ந்தது. ‘அடைப்பு இல்லை’ என்றன விரல்கள். பிறவியிலேயே காது கேளாத ஜாக்குலின், கண்ணீரோடு இரண்டு கைகளாலும் மளமளவென்று பதில் சொன்னாள்.

வியந்து நின்ற டாக்டர் கேட்டார்: “அவங்க ரெண்டு கையால பேசறாங்க. உங்களுக்கு ஒண்ணு போதுமா?”

“அது எங்க என்னைப் பேச வுடுது? எனக்கு ஒண்ணே ஜாஸ்தி டாக்டரம்மா!”